மறைக்க வேண்டியதும் சொல்ல வேண்டியதும்

பொருள் தேடுவதை நம் மார்க்கம் தடுக்கவில்லை. தேடும் வழியையும், தேடியதைக் காக்கும் முறையையும் வகுத்துத் தந்திருக்கிறது. ஹலாலாகச் சம்பாதித்தோமா என்று கவலைப்படும் நாம், சம்பாதித்ததைப் பாதுகாப்பதும் ஒரு கடமை என்பதைச் சில வேளை மறந்துவிடுகிறோம். பூட்டை உடைத்து வரும் திருடனுக்குப் பயந்து கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் போடுகிறோம். கைப்பேசி வழியாக வரும் திருடனுக்கோ நாமே கதவைத் திறந்துவிடுகிறோம்.

சபரில் இருப்பவர் வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்பிய பணம், பெண்மக்களின் திருமணத்துக்கென்று சேர்த்த பணம், ஹஜ்ஜுக்கென்று பல ஆண்டுகள் ஒதுக்கிய பணம், இவையெல்லாம் ஒரு பகல் நேரத்தில் காணாமல் போவதைக் கேள்விப்படுகிறோம். லாட்டரிப் பரிசு என்றும் வங்கிக் கார்டு என்றும் வரும் இந்த மோசடிகளைப் பற்றி இங்கே சிந்திப்போம்.

எடுக்காத சீட்டுக்கு ஏது பரிசு?

‘உங்கள் கைப்பேசி எண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் லாட்டரிப் பரிசு விழுந்திருக்கிறது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. ‘கௌன் பனேகா க்ரோர்பதி’ என்ற இந்தித் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயரும் படமும் அதில் இருக்கும். காசோலை ஒன்றின் படமும் இருக்கும். ‘வங்கி மேலாளர்’ என்று ஓர் எண்ணையும் கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணில் பேசினால் மிகுந்த மரியாதையோடு பேசுவார்கள். முதலில் பதிவுக் கட்டணம் என்று சில ஆயிரம் கேட்பார்கள். கட்டியதும் வரி என்று ஒரு தொகை, அதையும் கட்டியதும் வேறொரு கட்டணம் என்று இன்னொரு தொகை. கொடுத்தது வீணாகிவிடக் கூடாதே என்ற எண்ணத்தில் மேலும் மேலும் கொடுத்துக்கொண்டே போவார் மாட்டிக்கொண்டவர். ‘பரிசு கைக்கு வரும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்பதும் அவர்கள் தவறாமல் சொல்லும் வார்த்தை. வீட்டில் ஒருவரிடம் சொன்னால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி எளியது. சீட்டே எடுக்காதவருக்குப் பரிசு எப்படி விழும்? தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனை 2003-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. கேரள அரசு 1967 முதல் லாட்டரித் துறை வைத்து நடத்துகிறது. ஆனால் அது விற்பது காகிதச் சீட்டுதான். பரிசு கேட்பவர் அந்தச் சீட்டையே ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டு லாட்டரிக்கு இங்கிருந்து பணம் அனுப்புவதை 2000-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகள் தடுக்கின்றன. வரியைப் பொறுத்தவரை, பரிசு கொடுப்பவரே அதைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பதுதான் சட்டம். வரியை முன்கூட்டியே ஒரு தனியாளின் கணக்கில் கட்டச் சொல்பவன் மோசடிக்காரன் என்பதில் ஐயமில்லை.

ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துத் தெளிந்துகொள்ள வேண்டும் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் தஆலா நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான். ஊரார் சொல்லும் செய்திக்கே அப்படியென்றால், முகம் தெரியாதவன் அனுப்பும் செய்திக்கு எத்துணை விசாரணை வேண்டும்!

நல்ல காரியத்துக்கு என்ற சாக்கு

‘நாம் சீட்டு எடுக்கவில்லையே, தானாக வருவதை ஏன் விட வேண்டும்? வந்தால் பள்ளிவாசலுக்குப் பாதி கொடுத்துவிடலாம்’ என்று நினைப்பவர்களும் நம்மிடையே உண்டு. இங்கேதான் ஷைத்தான் வெகு நயமாக நுழைகிறான்.

சூதாட்டத்துக்குக் குர்ஆன் சொல்லும் பெயர் ‘மைசிர்’ என்பது. எளிது என்று பொருள்படும் சொல்லிலிருந்து அது வந்தது என்றும், பாடுபடாமல் எளிதாகக் கிடைக்கும் பொருள் என்பதால் அப்பெயர் என்றும் விரிவுரையாளர்கள் விளக்கம் தருகிறார்கள். அறியாமைக் கால அரபிகள் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, பத்து அம்புகளைக் கொண்டு குறி எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு, மூன்றுக்கு இல்லை. பங்கில்லாத அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்களோ இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, அதைப் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள்.

ஏழைகளின் பசி தீர்ந்தது உண்மைதான். அப்படியிருந்தும் அல்லாஹ் அதை அனுமதிக்கவில்லை. அதில் சில பயன்கள் இருந்தாலும் பாவமே பெரிது என்று அல்பகரா அத்தியாயத்தில் உணர்த்தி, பின்னர் அல்மாயிதா அத்தியாயத்தின் 90-ஆம் வசனத்தில் மதுவோடு சேர்த்து அதை முற்றாகத் தடுத்துவிட்டான். ஆகவே, போகிற இடம் நல்லதாக இருப்பதால் வருகிற வழி ஹலால் ஆகிவிடாது. இந்தப் பாடம் நெஞ்சில் பதிந்திருக்கும் வீட்டில், 25 லட்சம் என்ற செய்தி வந்தாலும் அது உண்மையா பொய்யா என்று ஆராயவே தேவை ஏற்படாது.

எண்ணும் ஓர் அமானிதமே

வங்கிக் கார்டு என்பது இரண்டு சாவி உள்ள பெட்டி போன்றது. கையில் இருக்கும் கார்டு ஒரு சாவி. நெஞ்சில் இருக்கும் ரகசிய எண் மற்றொரு சாவி. இரண்டும் ஒரே கையில் சேரக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். நாமோ அந்த எண்ணைக் கார்டின் உறையிலேயே எழுதி வைக்கிறோம். அல்லது பிள்ளை பிறந்த வருடத்தையே எண்ணாக வைத்து ஊருக்கே தெரியும்படி செய்துவிடுகிறோம்.

ஏ.டி.எம். அறையில் பணம் எடுக்கத் தெரியாமல் திகைத்து நிற்கும் முதியவரிடம், ‘கொடுங்கம்மா, நான் எடுத்துத் தருகிறேன்’ என்று ஒருவன் வருவான். எண்ணைக் கேட்டு அழுத்துவான். ‘பணம் வரவில்லை’ என்று சொல்லிக் கார்டைத் திருப்பிக் கொடுப்பான். அது அதே நிறத்தில் உள்ள வேறொரு கார்டாக இருக்கும். உண்மையான கார்டும் எண்ணும் அவனிடம் போய்விட்டன. கார்டின் நகலை எளிதில் எடுக்க முடியாதபடி சிப் பொருத்திய கார்டுகளையே கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 இறுதி வரை கெடு வைத்தது. ஆனால் கையிலிருந்து கைக்கு மாறும் கார்டை எந்தச் சிப் காப்பாற்றும்? கார்டு திரும்பக் கைக்கு வந்தால் அதிலுள்ள பெயரை அங்கேயே படித்துப் பார்க்க வேண்டும்.

‘வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கார்டு முடங்கப் போகிறது’ என்று பயமுறுத்துபவன், கார்டின் பின்புறமுள்ள மூன்று இலக்க எண்ணையும், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யையும் கேட்பான். வங்கி ஊழியர் எவரும் இவற்றைக் கேட்பதில்லை. இன்னொன்றையும் நினைவில் வைப்போம். கைப்பேசிச் செயலிகளில் பணம் அனுப்புவதற்குத்தான் ரகசிய எண் வேண்டும். பணம் வாங்குவதற்கு வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளை நல்ல பிள்ளைதானே என்று அவனிடம் எண்ணைச் சொல்வதும் சரியல்ல. நாளை வேறொருவனால் பணம் போனாலும் முதல் சந்தேகம் அந்தப் பிள்ளை மீதுதான் விழும். எண்ணைக் காப்பது நம் பொருளைக் காப்பது மட்டுமன்று. பிறரைப் பழியிலிருந்து காப்பதும் ஆகும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த தவக்குல்.

வெட்கம் தரும் நஷ்டம்

மறைக்க வேண்டிய எண்ணைச் சொல்லிவிட்ட பிறகு நாம் செய்யும் இரண்டாவது தவறு, சொல்ல வேண்டிய செய்தியை மறைப்பது. ‘அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?’, ‘ஊரில் கேட்டால் சிரிப்பார்களே’ என்று வாயை மூடிக்கொண்டு அழுகிறார்கள் நம் பெண்கள். ஆண்களும் இதற்கு விலக்கல்ல. அந்த மௌனம் திருடனுக்குப் பேருதவி.

ஏமாற்றிய பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கும், அதிலிருந்து வேறொன்றுக்கும் விரைவாக மாறும். எங்கோ ஒரு கணக்கில் அது நிற்கும்போதே பிடித்து நிறுத்துவதற்காகத்தான் 1930 என்ற தொலைபேசி உதவி எண் இருக்கிறது. பணம் போனது தெரிந்த உடனேயே அந்த எண்ணில் புகார் சொல்ல வேண்டும். வங்கிக்குச் சொல்லிக் கார்டை முடக்க வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாரால் போன பணத்தை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்கு நஷ்டமில்லை என்று வகுத்தது. எண்ணை நாமே சொல்லி ஏமாந்திருந்தால் தெரிவிக்கும்வரை உள்ள நஷ்டம் நம்முடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு என்றது. ஆகவே ஏமாந்தவருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம்தான்.

குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் ஒருவர் அழுதுகொண்டு வந்து சொன்னால், ‘ஏன் கொடுத்தாய்?’ என்பது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. ‘எப்போது போனது?’ என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். கோபத்தைப் பார்த்து ஒரு முறை பயந்தவர் மறுமுறை சொல்ல வரமாட்டார்.

வாடகைக்கு விடும் கணக்கு

நம் இளைஞர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. ‘உன் வங்கிக் கணக்கையும் கார்டையும் சில நாட்கள் கொடு, கமிஷன் தருகிறேன்’ என்று அணுகுபவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்னவாறு பணம் மாறி மாறிப் போவது இத்தகைய கணக்குகளின் வழியாகத்தான். போலீசார் முதலில் தேடி வருவதும் கணக்கின் சொந்தக்காரரையே. ‘நான் யாரையும் ஏமாற்றவில்லை’ என்ற பதில் சட்டத்தின் முன் எளிதில் எடுபடாது. பாவத்துக்கும் வரம்பு மீறுதலுக்கும் துணை போகக் கூடாது என்ற இறைக்கட்டளைக்கு முன் அறவே எடுபடாது.

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று அந்த வணிகரைக் கண்டித்தார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். நனைந்த தானியத்துக்கே அந்த எச்சரிக்கை என்றால், ஒரு விதவையின் சேமிப்பு கடந்து போக வழி விட்டவரின் நிலை என்ன?

இன்று மஃரிபுக்குப் பின் வீட்டாரை ஒன்றாக உட்கார வைத்து மூன்று செய்திகளைச் சொல்லிக்கொடுப்போம். உழைக்காமல் வரும் பரிசை விரும்பக் கூடாது. ரகசிய எண்ணை எவரிடமும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூட மறைக்கக் கூடாது. 1930 என்ற எண்ணை உம்மாவின் கைப்பேசியிலும் நன்னியின் கைப்பேசியிலும் பதிந்து கொடுப்போம்.

அல்லாஹ் தஆலா நம் ரிஸ்கில் பரக்கத் செய்து, ஏமாறுவதிலிருந்தும் ஏமாற்றுவதிலிருந்தும் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.