திரையில் திரும்பும் க்யூப்

கல்லூரியில் மினி ப்ராஜெக்ட் என்றால் நூலக மேலாண்மை, வருகைப் பதிவு என்று அரைத்த மாவையே அரைக்கிறோம். கடலூரிலும் சிதம்பரத்திலும் கணினி படிக்கும் பிள்ளைகள் இந்த வருடம் வேறொன்றைச் செய்து பார்க்கலாம்: பிரவுசரில் விரலால் திருப்பி விளையாடும் ரூபிக் க்யூப். ஜாவாஸ்கிரிப்ட் அடிப்படை தெரிந்தால் போதும். கணக்கு என்று பார்த்தால் பிளஸ் டூவில் படித்த வெக்டார் பெருக்கல்தான்.

முதலில் கடையில் ஒரு நிஜ க்யூப் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் திரும்புவது சரியா என்பதை அதை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். முப்பரிமாணப் படத்துக்கு த்ரீ ஜேஎஸ் என்ற இலவச லைப்ரரி இருக்கிறது. அதை இணையத்திலிருந்து ஒவ்வொரு முறையும் இழுக்காமல், இறக்கி உங்கள் ஃபோல்டரிலேயே வையுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய கடலூர் மாவட்டம் இது. புயல் அடித்தால் லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும், நெட் இருக்காது. பக்கத்தை நேரடியாக டபுள் கிளிக் செய்து திறந்தால் பிரவுசர் மாட்யூல்களை ஏற்காது. பைத்தானோடு வரும் சிறிய சர்வரை ஓட்டி, அதன் வழியாகத் திறங்கள்.

அடுத்து துண்டுகள். எக்ஸ், ஒய், இசட் மூன்றிலும் -1, 0, 1 என்று லூப் ஓட்டினால் 27 இடங்கள் கிடைக்கும். நடுவில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதை விட்டுவிட்டு 26 பெட்டிகளைச் செய்யுங்கள். அளவு 0.95 என்று வைத்தால் இடையில் மெல்லிய கோடு தெரியும். மேலே வெள்ளை, கீழே மஞ்சள், முன்னால் பச்சை, பின்னால் நீலம், வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் ஆரஞ்சு. உள்பக்கமெல்லாம் கறுப்பு.

இனி வருவதுதான் பலரும் இடறும் இடம். ஒரு அடுக்கைத் திருப்ப, அதிலுள்ள ஒன்பது பெட்டிகளையும் ஒரு தற்காலிகக் குழுவில் சேர்த்து, குழுவை 90 டிகிரி சுழற்றி, பிறகு பெட்டிகளை வெளியே எடுக்க வேண்டும். சேர்க்கும்போதும் எடுக்கும்போதும் ‘ஆட்’ வேண்டாம், ‘அட்டாச்’ பயன்படுத்துங்கள். அதுதான் பெட்டியின் இடத்தையும் திருப்பத்தையும் கலைக்காமல் கைமாற்றும். எந்த ஒன்பது என்பதை ஆரம்பத்தில் போட்ட பட்டியலைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மேல் அடுக்கு என்றால் இந்த நொடியில் ஒய் மதிப்பு 1 ஆக இருப்பவை மட்டும்தான். அச்சும் அப்படியே. சிதம்பரத்தில் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் கீழவீதி கீழவீதிதான், உங்கள் வலக்கைப் பக்கம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். பெட்டியின் சொந்த அச்சு அந்த வலக்கை மாதிரி. உலக அச்சைத்தான் நம்ப வேண்டும்.

மேல், வலம், முன் ஆகிய முகங்களுக்குக் கடிகாரத் திசைத் திருப்பம் என்பது -90 டிகிரி. கீழ், இடம், பின் முகங்களுக்கு +90. ஒவ்வொரு திருப்பம் முடிந்ததும் பெட்டியின் இடத்தையும் சுழற்சி மேட்ரிக்ஸின் எண்களையும் முழு எண்ணாக்குங்கள். 1 என்பது 0.9999999 ஆகிவிட்டால், ‘1-க்குச் சமமா’ என்று கேட்கும் நிரலுக்கு அந்தப் பெட்டி கண்ணில் படாது.

விரலால் இழுப்பதற்கு த்ரீ ஜேஎஸ்ஸில் உள்ள ரேகாஸ்டர் உதவும். தொட்ட முகத்தின் செங்குத்து வெக்டாரை உலக அச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இழுத்த திசையில் எந்த அச்சின் பங்கு அதிகமோ அதை எடுங்கள். முதல் வெக்டாரை இரண்டாவதோடு குறுக்குப் பெருக்கல் செய்தால் சுழல வேண்டிய அச்சு வந்துவிடும், எந்தப் பக்கம் என்பதும் சேர்ந்தே வரும். முன்முகத்தை வலப்பக்கம் இழுத்தால் விடை ஒய் அச்சு. கையில் உள்ள க்யூபில் சரிபாருங்கள். க்யூபுக்கு வெளியே தொட்டு இழுத்தால் கேமரா சுற்றட்டும். போனில் பக்கம் சேர்ந்து நகராமலிருக்க சிஎஸ்எஸ்ஸில் டச் ஆக்‌ஷனை ‘நன்’ என்று வையுங்கள். ஒரு திருப்பம் ஓடும்போது வரும் அடுத்த திருப்பத்தை வரிசையில் நிறுத்துங்கள்.

கலைப்பதற்கு நிறங்களை மனம்போனபடி ஒட்டாதீர்கள். நிஜ க்யூபைக் கழற்றித் தோன்றியபடி பூட்டினால்கூட, பன்னிரண்டில் ஒரு வாய்ப்புதான் தீரக்கூடியதாக இருக்கும். தீர்ந்த நிலையிலிருந்து 25 திருப்பங்களை ராண்டமாகச் செய்யுங்கள். ஒரே முகம் அடுத்தடுத்து வர வேண்டாம். 43 குவின்டில்லியனுக்கு மேல் நிலைகள் உள்ள புதிர் இது. ஆனாலும் எந்த நிலையையும் 20 திருப்பங்களுக்குள் தீர்க்க முடியும் என்று 2010-இல் கணினிகளை வைத்து நிரூபித்திருக்கிறார்கள்.

தீர்ந்ததா என்று பார்ப்பதில் ஒரு நுணுக்கம். மூலை, விளிம்புத் துண்டுகள் இருபதும் ஒரே பக்கம் திரும்பியிருக்கின்றனவா என்று பாருங்கள். நடுத்துண்டு தன் இடத்திலேயே சுழன்றிருந்தால் ஒற்றை நிறத்தில் அது தெரியாது. ஆகவே அந்த ஆறுக்கும் இடம் சரியா என்று மட்டும் கேளுங்கள். அதையும் விட்டுவிட்டால், நடுப்புள்ளிகள் மட்டும் இடம் மாறிய க்யூபையும் உங்கள் நிரல் ‘முடிந்தது’ என்று சொல்லிவிடும்.

சோதனைக்கு, ‘வலம், மேல்’ என்ற இரண்டு திருப்பங்களையும் மாறி மாறி 105 தடவை ஓட்டுங்கள். தீர்ந்த க்யூப் மீண்டும் தீர்ந்த நிலைக்கே வர வேண்டும். வராவிட்டால் முழு எண்ணாக்கும் வரியை முதலில் பாருங்கள். அரசு கொடுத்த பழைய லேப்டாப்பிலும் ஓட்டிப் பாருங்கள். எப்போதும் வரைந்துகொண்டே இராமல், ஏதாவது அசையும்போது மட்டும் படத்தைப் புதுப்பித்தால் அது திணறாது.

இனி கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றலாம். த்ரீ ஜேஎஸ் எம்ஐடி உரிமத்தில் வருவதால் காசு கொடுக்கவோ அனுமதி கேட்கவோ வேண்டாம், உரிமக் குறிப்பை மட்டும் அழிக்காதீர்கள். பெயரில்தான் கவனம் தேவை. எர்னோ ரூபிக் 1974-இல் உருவாக்கிய புதிரின் ‘ரூபிக்ஸ்’ என்ற பெயர் பதிவு செய்யப்பட்ட வணிகக் குறி. இப்போது கனடாவின் ஸ்பின் மாஸ்டர் நிறுவனத்திடம் இருக்கிறது. உங்கள் தளத்துக்கு வேறு பெயர் வையுங்கள்.