நிலைக்கட்டளையை மீட்டல்

சோழர்காலத்துக் கல்வெட்டுக்களைப் பயில்வோர் 'சாவா மூவாப் பேராடு' என்னுந் தொடரை அறிவர். நந்தாவிளக்கொன்றிற்கு 90 அல்லது 96 ஆடுகளை விட்டு, சந்திராதித்தர் உள்ளவரை நெய் வழங்குமாறு செய்தனர் அக்காலத்தார். அவ்வறம் நின்றுபோதல் கூடாதென்பதே அவர்தம் கருத்து. ஆதலின் நிறுத்தும் வழியை அவர் எண்ணினாரல்லர். அறத்தை அழிப்பார்க்குச் சாபமே எழுதிவைத்தனர் பலர்.

நம் காலத்தில் பாங்குக் கணக்கினின்றும் மாதந்தோறும் பணம் தானே செல்லுமாறு இடும் கட்டளையோ இட்டவராலேயே மீட்கத்தக்கது. இதனைக் கொங்குநாட்டார் அறிந்திருத்தல் வேண்டுமென யாம் கருதுதற்குக் காரணமுண்டு. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்சாலைகளிற் கூலி பெரும்பாலும் சனிக்கிழமைதோறும் கிடைக்கும். தவணையோ கிழமை பாராது, தேதியே பார்க்கும். 2021 ஆகஸ்டு 1 முதல் 'நாச்' என்னும் தானியங்கு பட்டுவாடா முறை ஞாயிற்றுக்கிழமையினும் இயங்குகின்றது. (ஓய்வுநாட் கற்பனை இயந்திரத்திற்கு இல்லை போலும்!) புதன்கிழமை வெறுங்கணக்கைத் தவணை தட்டுமாயின், பாங்கும் கடன் கொடுத்தாரும் தனித்தனியே அபராதம் விதித்தல் கூடும்.

கணக்கை வெறிதாக்கிவிட்டாற் கட்டளை தானே ஒழியுமென எண்ணுவாரும் உளர். அது பெரும்பிழை. கடனுக்காகச் செல்லவேண்டிய பணம் இருப்பின்மையால் திரும்பி, கடன் கொடுத்தார் அறிவிப்பு விடுத்த பின்னும் 15 நாளுக்குள் செலுத்தப்படாவிடத்து, 2007ஆம் ஆண்டுப் பட்டுவாடாச் சட்டத்தின் 25ஆம் பிரிவு 2 ஆண்டுவரை சிறையோ, தொகையின் இருமடங்குவரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகின்றது. செக்குத் திரும்புதல் போலவே இதுவும் குற்றமாம்.

ஆதலின் முறைப்படி மீட்டலே தக்கது. யு.பி.ஐ. வழி இட்டதனை, இட்ட செயலியிலேயே இரகசிய எண்ணைத் தந்து நீக்கலாம். சிலகாலம் நிறுத்திவைத்தலும் உண்டு. கார்டின்மேல் இட்டதாயின், பணம் எடுக்கப்படுதற்கு 24 மணிநேரம் முன்னரே பாங்கு அறிவித்தல் வேண்டுமென்பது ரிசர்வ் பாங்கின் விதி. அறிவிப்பைப் பெற்றவர் அம்முறையை மட்டுமோ, கட்டளை முழுவதையுமோ மறுக்கலாம். 'நாச்' கட்டளைக்குத் தனியெண் ஒன்றுண்டு. அதனைக் குறித்து, தவணை நாளுக்குச் சில தினங்கள் முன்னரே பாங்குக் கிளையிற் கடிதங் கொடுத்து, நகலில் முத்திரை பெறுதல் நன்று.

கட்டளை நீங்கினும் கடன் நீங்காது. ஆதலால் வாரக்கூலி பெறுவார், தவணைக்கு முந்திய சனிக்கிழமையே கையிற் கட்டிவிடக் கடன் கொடுத்தார் இசைவாரா என முதலிற் கேட்டு, அவ்விசைவை எழுத்தாற் பெற்ற பின்னரே மீட்டல் வேண்டும். மீட்ட பின்னும் பணம் எடுக்கப்படுமாயின் பாங்கிற்கு முறையிடலாம். 30 நாளுக்குள் விடை வாராதாயின் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளர்க்குக் கட்டணமின்றி எழுதலாம். முத்திரையிட்ட அந்நகல் அப்பொழுது சான்றாகும்.