தொழிலாளர் துறையில் டாக்டர் அம்பேத்கர்

டாக்டர் அம்பேத்கர் என்றதும் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவர் என்பதே முதலில் நினைவுக்கு வருகிறது. 1942 ஜூலை முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாக அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக, அதாவது இன்றைய வழக்கில் அமைச்சராக, அவர் ஆற்றிய பணி பொருளியல் மாணவர்களுக்குக் கூட அவ்வளவாகத் தெரியாது.

இப்பொறுப்புக்கு அவர் பம்பாயிலிருந்து சென்றார். ஆலைத் தொழிலாளர் நிறைந்த பரேல் பகுதியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர். பின்னர் மாதுங்காவை அடுத்த தாதர் இந்து காலனியில் 'ராஜகிருகம்' என்னும் இல்லத்தை அமைத்துக் கொண்டவர். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கி, 1937இல் பம்பாய்ச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வேலை நிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்திய தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து 1938 நவம்பர் 7ஆம் நாள் நடந்த வேலை நிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர்களுள் அவரும் ஒருவர்.

அரசுப் பொறுப்பேற்றவரின் நிலை வேறு. போர்க்காலத்தில் நிலக்கரித் தட்டுப்பாடு ஏற்படவே, பெண்கள் சுரங்கத்திற்குள் இறங்கி வேலை செய்வதற்கு இருந்த தடையை அரசு 1943இல் நீக்கியது. கண்டனங்கள் எழுந்தன. சட்டமன்றத்தில் விளக்கம் அளிக்க வேண்டியவராக இருந்தவர் அம்பேத்கரே. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்ற நிபந்தனையை அவர் சுட்டிக்காட்டினார். அந்நிபந்தனை முன்னேற்றமே ஆயினும், தடை நீக்கத்தால் பெண்களுக்கு நேர்ந்த இன்னலை அது ஈடுசெய்ததாகக் கூற இயலாது. 1946 பிப்ரவரியில் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

நீர்வள, மின்சக்தித் திட்டங்களும் இதே துறையின் பொறுப்பில் இருந்தன. 1943இல் தாமோதர் வெள்ளம் பெருஞ்சேதம் விளைவித்தது. 1945 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த மாநாட்டிற்கு அம்பேத்கர் தலைமை வகித்தார். வெள்ளத் தடுப்புடன் பாசனம், மின் உற்பத்தி, படகுப் போக்குவரத்து ஆகியவற்றையும் இணைத்த பல்நோக்குத் திட்டம் அங்கு வலியுறுத்தப்பட்டது. 1948இல் அமைந்த தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்திற்கு இதுவே முன்னோடி. பின்னர் சட்ட அமைச்சரான அவர், இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியதை ஒட்டி 1951இல் பதவி விலகினார்.

அவரது பதவிக்காலச் சாதனைகளுள் பெரிதும் பேசப்படுவது, தொழிற்சாலைகளில் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டதாகும். 1946இல் நிறைவேறிய இத்திருத்தத்தின் பயன் யாரைச் சேர்ந்தது? அன்றைய சட்டப்படி, எந்திர விசையுடன் 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமே பொதுவாகத் தொழிற்சாலை எனப்பட்டது. ராஜகிருகத்திலிருந்து சிறிது தொலைவிலேயே உள்ளது தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர் பலர் அங்கு தோல் தொழிலில் ஈடுபட்டனர். நான்கைந்து பேர் ஒரே அறையில் வேலை செய்யும் பட்டறைக்கு அந்த 48 மணி நேர வரம்பு பொருந்தவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் எல்லையை, எந்திர விசை இருப்பின் 10 பேர், இல்லையேல் 20 பேர் எனக் குறைத்தது. 2020ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதனை முறையே 20, 40 என உயர்த்தியுள்ளது.