தண்டவாளத்தில் ஆள் தெரிந்தால்: கூட்ஸ் வண்டி ஓட்டுவோருக்கு

58 வேகன்களில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து வாஞ்சி மணியாச்சி நோக்கிப் புறப்படும் கூட்ஸ் வண்டியின் எடை 4,700 டன்னைத் தாண்டும். மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு ஏறத்தாழ 21 மீட்டர் ஓடுகிறது. 500 மீட்டர் தள்ளி ஒருவர் கண்ணில் பட்டால் கையில் இருப்பது 24 வினாடி. அவசர பிரேக் பிடித்தாலும் அந்தத் தூரத்துக்குள் வண்டி நிற்கும் என்று நம்ப முடியாது. 2020 மே 8 அன்று மகாராஷ்டிரத்தின் கர்மாட் அருகே தண்டவாளத்தில் படுத்துறங்கிய புலம்பெயர் தொழிலாளர் 16 பேர் கூட்ஸ் வண்டியில் அடிபட்டு இறந்தார்கள். ஓட்டுநர் ஆட்களைப் பார்த்து நிறுத்த முயன்றும் பலிக்கவில்லை. ஆகவே பிரேக்கை மட்டும் நம்பி இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. உயிரைக் காப்பது பெரும்பாலும் முன்தகவல்தான்.

முதல் வேலை, வண்டி எடுப்பதற்கு முன்பே தடத்தைப் படித்துக்கொள்வது. கோவில்பட்டி, கடம்பூர், தட்டப்பாறை, புதியம்புத்தூர் வட்டாரம் முழுவதும் மானாவாரிக் கரிசல். புரட்டாசி விதைப்பிலிருந்து தை, மாசி அறுவடை வரை உளுந்துக்கும் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் ஆட்கள் இருபுறமும் நடந்துகொண்டே இருப்பார்கள். அறுவடை முடிந்த காட்டில் ஆடுகள் மேயும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரயில்வே சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கினால் சனங்கள் மேலே ஏறித்தான் கடப்பார்கள். வளைவுகளில் சீமைக்கருவேலம் பார்வையை அடைத்து நிற்கும். இப்படிப்பட்ட இடங்களைக் கிலோமீட்டர் எண்ணோடும் மின்கம்ப எண்ணோடும் குறித்து வையுங்கள். கோயில் கொடை, திருவிழா நடக்கும் ஊர் தடத்தை ஒட்டியிருந்தால், வேகம் குறைக்கச் சொல்லும் காஷன் ஆர்டர் உண்டா என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேளுங்கள். 2018 அக்டோபர் 19 அன்று அமிர்தசரஸில் தசரா வேடிக்கை பார்க்கத் தண்டவாளத்தில் நின்ற கூட்டத்தின்மேல் ரயில் ஏறி ஏறத்தாழ 60 பேர் மாண்டார்கள். கூட்டம் கூடுவது பற்றித் தங்களுக்குத் தகவலே வரவில்லை என்று ரயில்வே சொன்னது.

ஓட்டத்தில், குறித்து வைத்த இடம் நெருங்கும்போதே ஹாரன் கொடுங்கள். ஆள் தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரவில் ஊர்க்காரர் தூக்கம் கெடுகிறதே என்ற முறையீடு நியாயமானது. அதனால்தான் கண்டபடி அடிக்காமல், தேவையான இடத்தில் முழுசாக அடிக்கச் சொல்கிறேன். இரட்டைப் பாதையில் இன்னொரு ஆபத்து உண்டு. ஒரு வண்டிக்கு ஒதுங்குகிறவர் அடுத்த பாதையில் போய் நிற்பார். எதிர்வண்டியின் இரைச்சலில் உங்கள் ஹாரன் அவர் காதில் விழாது. எதிரே வண்டி வரும்போது லோகோ பைலட்டும் உதவியாளரும் இரு பக்கமும் கவனியுங்கள், ஹாரனை நிறுத்தாதீர்கள். ஆள் திரும்பிப் பார்த்து விலகத் தொடங்கினால் ஹாரன் போதும். முதுகு காட்டி நடந்தாலோ, உட்கார்ந்திருந்தாலோ, குழந்தையாக இருந்தாலோ உடனே பிரேக். அவசர பிரேக்கில் கப்ளிங் அறுந்து வண்டி பிரியலாம் என்ற தயக்கம் காரணமற்றதல்ல. அதற்கு விடை, சந்தேகம் வந்ததுமே சாதாரண பிரேக்கில் வேகத்தைக் குறைப்பது. வண்டி முழுதாக நிற்காவிட்டாலும், வேகம் குறையக் குறைய அவருக்கு விலகக் கூடுதல் நேரம் கிடைக்கிறது.

சிக்னலுக்காக நிற்கும் வண்டிதான் அதிகம் ஏமாற்றும். ஆட்கள் வேகனுக்கு அடியில் குனிந்து நுழைவார்கள். பையன்கள் படம் எடுக்க மேலே ஏறுவார்கள். மேலே 25,000 வோல்ட் போகிறது. கம்பியைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே இழுத்துவிடும். கிளம்புமுன் நீளமாக ஹாரன் கொடுத்து, ரயில் மேலாளரிடம் (கார்டு) வாக்கி-டாக்கியில் இருபக்கமும் பார்த்தாரா என்று கேட்டபின் நகருங்கள். அத்துமீறுவது 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் ஆறு மாதச் சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம் வரை போகக்கூடிய குற்றம், பிறகு நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. குற்றத்துக்குச் சட்டம் வைத்த தண்டனை அபராதமும் சிறையும், சாவு அல்ல. காட்டுக்குப் போக வேறு வழியில்லாத பெண்ணும் அதே பிரிவில்தான் வருகிறாள். இறங்கிப் போய்ச் சண்டை போடாதீர்கள், செல்போனில் படம் பிடிக்காதீர்கள். கல் எறிந்தால் ஜன்னலை அடைத்து, இடத்தின் எண்ணைச் சொல்லி ஸ்டேஷனுக்கும் ஆர்.பி.எஃப்.புக்கும் தகவல் கொடுங்கள். நீங்கள் சொல்லும் எண்தான் பின்னால் வரும் வண்டியைக் காப்பாற்றும். ஒரே இடம் திரும்பத் திரும்பப் பதிவானால்தான் அங்கே வேலியோ வடிகாலோ கேட்க ஆதாரம் கிடைக்கும்.

அடிபட்டுவிட்டால் வண்டியை நிறுத்தி, அடுத்த பாதை மறிபட்டிருந்தால் ஃபிளாஷர் விளக்கைப் போட்டு எதிர்வண்டியை எச்சரியுங்கள். உயிர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் முதலுதவி செய்து, சீக்கிரம் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வழி எதுவோ அதில் அனுப்புங்கள். நேரம், கிலோமீட்டர், வேகம், ஹாரன் கொடுத்தது, பிரேக் பிடித்தது எல்லாவற்றையும் அங்கேயே எழுதுங்கள். பிறகு ஞாபகம் குழம்பும். கை நடுங்கினால் மறைக்காமல் கன்ட்ரோலிடம் சொல்லி மாற்று ஆள் கேளுங்கள். சரக்கு தாமதமாகும் என்பார்கள். சில மணி நேரம் தாமதமாகட்டும். நடுங்கும் கையோடு அடுத்த சுரங்கப்பாதையைக் கடக்க வேண்டாம்.