வழங்கியும் வழிகாட்டி நூலும்

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அந்நாளில் ஒரு தொழிலைக் கற்க விரும்புவோர், அது நடைபெறும் இடத்திற்கே சென்று, செய்வோர் அருகில் இருந்து, கண்ணால் கண்டு கையால் பழக வேண்டியிருந்தது. அங்ஙனம் வந்த தொழிலை அடுத்துப் பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் அவ்வூரில் தழைத்தன. இன்று விருதுநகர் மாவட்டத்தின் அச்சிறு நகரில் பட்டாசும் செய்யப்படுகின்றது. அதன் மேலுறையும் அச்சிடப்படுகின்றது.

அம்மேலுறையைச் சற்று நோக்குக. கையை நீட்டித் திரியைக் கொளுத்துக, கொளுத்தியவுடன் விலகி நிற்க என்பன போன்ற சில வரிகளே அதில் இருக்கும். வெடிக்கும் சிறுவனுக்கு அவை போதும். பெட்டிகளை அடுக்கி விற்கும் கடைக்காரருக்கு அவை போதா. எவ்வளவு சரக்கு வைக்கலாம், எங்கே வைக்கலாம் என்பன அவருக்கு வேண்டும். மருந்து கலக்கும் தொழிலாளி அறியவேண்டுவனவோ முற்றிலும் வேறு. மூவருக்கும் உரியனவற்றை ஒரே தாளில் அடைத்தால் ஒருவரும் தமக்குரியதைக் காணமாட்டார். ஒரு பொருளுக்கு ஒரு கையேடு போதாது. படிப்போர் எத்தனை வகையினரோ அத்தனை வாயில்கள் அதற்கு வேண்டும். கணிப்பொறித் துறையில் இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுவது அப்பாச்சி என்னும் வலை வழங்கியின் கையேடாகும்.

நாம் இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கும்பொழுது, எங்கோ உள்ள ஒரு கணிப்பொறி அதனை எடுத்து நமக்கு அனுப்புகின்றது. அப்பணியைச் செய்யும் மென்பொருளே வலை வழங்கி. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்து மையமொன்றில் ராப் மெக்கூல் என்பார் ஆக்கிய வழங்கி, 1994-இல் அவர் அங்கிருந்து விலகியபின் வளர்ச்சி குன்றிக் கிடந்தது. பயன்படுத்தியோர் தத்தமக்கு வேண்டிய திருத்தங்களைத் தனித்தனியே செய்துகொண்டனர். அவருள் எண்மர் 1995-இல் ஒன்றுகூடி அத்திருத்தங்களைத் தொகுத்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் அப்பாச்சி வெளிவந்தது. ஏறத்தாழ ஓராண்டில் உலகிலேயே மிகுதியாக வழங்கும் வழங்கி என்னும் நிலையை அடைந்தது.

அதற்கு விலையில்லை, அதன் மூல நிரலும் எவர்க்கும் திறந்துள்ளது. விலை கொடுத்து வாங்கிய பொருளாயின் விற்றவரிடம் சென்று ஐயம் கேட்கலாம். இங்கே விற்றவர் என்று ஒருவர் இல்லை. ஆதலின் ஆசிரியர், பழுது பார்ப்பவர் ஆகிய இருவரின் இடத்திலும் கையேடே நிற்கின்றது. அது குழப்பமாக இருப்பின், நிரல் திறந்திருந்தும் புதியவனுக்கு அது பூட்டிய வீடே.

நூல் வகுக்கும் முறையை ஆராய்வது தமிழர்க்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் பத்துக் குற்றம், பத்து அழகு, முப்பத்திரண்டு உத்தி என நூலின் இயல்புகளை வகுத்தார். கூறியது கூறலும் மாறுகொளக் கூறலும் அவர் எண்ணிய குற்றங்களுள் உள்ளன. நாள்தோறும் மாறும் பொருளைப் பற்றிய நூலில் முன்னதே பின்னதற்குத் தாயாகின்றது என்பதை அப்பாச்சியின் கையேட்டில் நேரிற் காணலாம்.

வருவோருக்கு வழங்கி எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்பதைக் குறிப்பது டைம்அவுட் என்னும் கட்டளை. 2.2 பதிப்பில், நாம் ஒன்றும் குறிக்காவிடின், அவ்வளவு 300 நொடி. 2012-இல் வெளிவந்த 2.4 பதிப்பில் அது 60 நொடியாயிற்று. 300 என்னும் எண்ணைக் கையேட்டின் பத்துப் பக்கங்களில் எழுதியிருந்தால், ஒன்பதைத் திருத்திப் பத்தாவதை மறப்பது மனித இயல்பு. பின்னர் நூல் தன்னோடு தானே முரண்படும். இதனைத் தவிர்க்கவே கட்டளைகளுக்கெல்லாம் அகராதி போன்ற தனிப்பகுதி அமைந்துள்ளது. ஒவ்வொரு கட்டளைக்கும் அதன் பொருள், எழுதும் வடிவம், இயல்பான அளவு, அது செல்லும் இடம், எக்கூற்றைச் சேர்ந்தது என்பன ஒரே ஒழுங்கில் நிற்கும். பிற பகுதிகள் அவ்விடத்தைச் சுட்டிக் காட்டினால் போதும்.

அகராதியைப் படித்து மொழி கற்றவர் எவர்? ஆதலின் தொடங்குவோர்க்குப் பயனர் வழிகாட்டியும், குறித்த ஒரு வேலையை முடிக்க விரும்புவோர்க்குச் செய்முறைப் பாடங்களும், விண்டோஸ் முதலிய இயங்குதளங்களுக்கு உரிய குறிப்புகளும் வேறு வேறாக உள்ளன. செய்முறைப் பாடங்களுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. ஒவ்வோர் அடைவிலும் எச்டிஅக்சஸ் என்னும் சிறு கோப்பை வைத்து அமைவுகளை மாற்றலாம். அதனைக் கற்பிக்கும் பாடமே, முதன்மை அமைவுக் கோப்பைத் திருத்தும் உரிமை உடையோர் இதனைப் பயன்படுத்த வேண்டா என்கின்றது. கோரிக்கை வரும்தோறும் வழங்கி அடைவு அடைவாகச் சென்று அக்கோப்பைத் தேடுவதால் வேகம் குறையும் என்பது காரணம். தன் பொருளின் குறையைத் தானே கூறும் இப்பண்பு பழையது. 1971-இல் வெளிவந்த யூனிக்ஸ் கையேட்டிலேயே பிழைகளுக்கென ஒரு தலைப்பு இருந்தது. விற்பனை விளம்பரங்களில் இதனைத் தேடுதல் வீண்.

இனி, பழைய பதிப்புக்கு எழுதிய பாடம் புதிய பதிப்பில் என்னாகும்? யார் பக்கத்தைக் காணலாம், யாரைத் தடுக்க வேண்டும் என்பதை 2.2-இல் ஆர்டர், அலவ், டினை என்னும் மூன்று கட்டளைகளால் எழுதினர். 2.4-இல் அவற்றின் இடத்தை ரிக்வயர் என்னும் கட்டளை பெற்றது. பழைய பாடத்தைப் பார்த்து எழுதியோர் வழங்கி தொடங்காமல் நிற்பதையும், திறந்திருக்க வேண்டிய பக்கம் மறுக்கப்படுவதையும் கண்டு திகைத்தனர். இதற்கெனப் பதிப்பு மாறுவோர்க்கு ஒரு பக்கம் எழுதப்பட்டது. அதில் பழைய வரிகளும் அவற்றுக்கு ஈடான புதிய வரிகளும் அடுத்தடுத்து உள்ளன. ஒவ்வொரு பதிப்பின் கையேடும் தன் எண்ணோடு தனி முகவரியில் இருக்கின்றது. 2.2-இன் கையேட்டை அழித்துவிடாமல், அப்பதிப்பு இனிப் பேணப்படுவதில்லை என்னும் அறிவிப்பை அதன் தலையில் இட்டனர். இஃது அறிவுடைய செயல். பழைய வழங்கியை வைத்திருப்போரும் உலகில் உள்ளனர் அன்றோ?

பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், கொரியம், துருக்கி முதலிய மொழிகளில் இக்கையேட்டின் பகுதிகள் கிடைக்கின்றன. மொழிபெயர்ப்புக் கோப்பின் தொடக்கத்தில், ஆங்கில மூலத்தின் எந்தத் திருத்த எண்ணிலிருந்து அது பெயர்க்கப்பட்டது என்று குறிப்பர். மூலம் மாறிப் பெயர்ப்பு மாறாதிருப்பின், இது காலத்தால் பின்தங்கியிருக்கலாம் என்னும் எச்சரிக்கை பக்கத்தின் மேலே தோன்றும்.

அப்பட்டியலில் தமிழ் இன்னும் சேரவில்லை. ஆயினும் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதுவோர் உள்ளனர். 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் அப்பணியைச் செய்துள்ளது. அப்பாச்சிக் கையேட்டின் மூலக்கோப்புகள் வழங்கியின் நிரலோடு ஒரே களஞ்சியத்தில் உள்ளன. திருத்தத்தையோ மொழிபெயர்ப்பையோ எவரும் எழுதி அனுப்பலாம். சாத்தூரிலோ அருப்புக்கோட்டையிலோ இருந்து ஒருவர் தமிழாக்கத்தைத் தொடங்குவாராயின், கட்டளை அகராதியிற் கைவைத்தல் நன்றன்று. அது மிகப் பெரிது. கலைச்சொற்கள் முடிவாகாமல் அதில் ஒரு பக்கமும் நகராது. வழங்கியை நிறுவுதல், தொடங்குதல், நிறுத்துதல் ஆகியவற்றைக் கூறும் பக்கங்கள் சிறியவை. புதியவர் முதலில் நாடுபவையும் அவையே.