மாவு பொங்கும் மூன்று வழிகள்

தில்லிக்கு வந்து குடித்தனம் வைத்த எந்தத் தமிழ்ப் பெண்மணியைக் கேட்டாலும், முதல் குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்காமல் போன கதை ஒன்றைச் சொல்வார். என் கதை 1987 டிசம்பரில் நடந்தது. இரவு அரைத்து மூடி வைத்த மாவு, காலையில் வைத்தது வைத்தபடியே இருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாவு இன்னும் தூங்குது" என்றார். அறிவியல்படியும் அது சரியான வார்த்தை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இட்லி, ரொட்டி, கேக் மூன்றும் பார்வைக்கு வேறு வேறு. ஆனால் அடிப்படை ஒன்றுதான். மாவுக்குள் கரியமிலவாயு உண்டாக வேண்டும். அது வெளியே ஓடிவிடாமல் மாவு அதைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நிலையிலேயே வெந்து இறுக வேண்டும். வாயுவை உண்டாக்குவது யார், பிடித்து வைப்பது எது என்பதில்தான் வேறுபாடு. இது பிடிபட்டுவிட்டால் சமையல் குறிப்புப் புத்தகம் பாதி வேண்டியதில்லை.

முதலில் இட்லி. உளுந்தின் மேலேயே இயற்கையாக இருக்கும் நுண்ணுயிர்கள் மாவைப் புளிக்க வைக்கின்றன. அவற்றுள் முக்கியமானது லியூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா. இட்லி மாவு பொங்குவதில் அதன் பங்கை விளக்கும் ஆய்வுக் கட்டுரை 1965-லேயே வெளிவந்திருக்கிறது. அது அமிலத்தையும் கரியமிலவாயுவையும் சேர்த்தே உண்டாக்குகிறது. அதனால்தான் புளிப்பும் பொங்கலும் ஒன்றாக வருகின்றன. வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்பு. உளுந்தை நன்றாக நுரைக்க அரைக்கச் சொல்வதும், ஒரு சிட்டிகை வெந்தயம் சேர்ப்பதும் இதற்காகத்தான். கையால் கலக்கினால்தான் மாவு பொங்கும் என்பார்கள். உயிர் பருப்பிலேயே இருப்பதால் கரண்டியால் கலக்கினாலும் பொங்கும். கையின் சூடு குளிரில் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

இந்த நுண்ணுயிர்களுக்கு 25 முதல் 30 டிகிரி வரை சூடு இருந்தால் நல்ல உற்சாகம். தில்லியில் ஜனவரி இரவில் வெளியே 7 டிகிரிதான். சில நாள் அதற்கும் கீழே. நம் அடுக்களை அதைவிடச் சற்றுத்தான் மேல். அந்தக் குளிரில் அவை சாவதில்லை, சும்மா இருக்கின்றன. அத்தை சொன்ன தூக்கம் இதுதான்.

நம்மில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. குழாயில் வரும் பனிக்கட்டித் தண்ணீரிலேயே அரைத்துவிட்டு, பாத்திரத்தை ரஜாய்க்குள் சுருட்டி வைப்பது. கம்பளியும் ரஜாயும் சூட்டைத் தருவதில்லை. இருக்கிற சூட்டைப் போகாமல் காப்பவை அவை. சில்லிட்ட மாவைச் சுற்றினால் சில்லிப்பைத்தான் காக்கும். ஆகவே ஊறவைப்பதற்கும் அரைப்பதற்கும் வெதுவெதுப்பான தண்ணீர் எடுங்கள். அகன்ற பாத்திரம் ஒன்றில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, அதில் மாவுப் பாத்திரத்தை இறக்கி, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றுங்கள். படுக்கப் போகும்முன் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் போதும். அப்படியும் 14, 16 மணி நேரம் ஆகலாம். காலைப் பலகாரம் என்று நினைக்காமல் இரவுச் சாப்பாட்டுக்கு என்று கணக்குப் போட்டுக்கொண்டால் மனவருத்தம் இல்லை. பிரிட்ஜுக்கு வைத்திருந்த ஸ்டெபிலைசரின் மேல் மாவை வைத்து வெற்றி கண்டவர்கள் எங்கள் குடியிருப்பில் உண்டு. மாவு பொங்கி வழிந்து ஸ்டெபிலைசருக்குள் இறங்கிய வீடும் உண்டு. அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இரண்டாவது வழியான ஈஸ்டுக்கு நான் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1989-ல் என் மகளின் பிறந்தநாளுக்குக் கடையில் கேக் வாங்கினோம். முட்டை சேர்த்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அத்தை திருநெல்வேலிச் சைவம்; முட்டை பட்ட பாத்திரத்தைக்கூட அடுக்களைக்குள் விடாதவர். பேத்தி தன் கையால் ஊட்டினாள் என்று ஒரு துண்டு சாப்பிட்டார். வந்திருந்தவர்களில் ஒருவர், "முட்டை நிறையப் போட்டிருக்கிறான், அதுதான் பஞ்சு மாதிரி இருக்கிறது" என்று பாராட்டாகச் சொன்னார். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்துபோய் வாய் கொப்பளித்தார். மறுநாள் பட்டினி கிடந்தார்.

அதன்பின் இரவில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "எனக்குச் சீக்கிரமே பசிச்சுட்டு" என்று ஏழு மணிக்கே தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். எட்டரை மணிக்குத் தட்டு வைக்கும்போது மகள் தினமும், "ஆச்சி ஏன் வரலை?" என்று கேட்பாள். என்னால் பதில் சொல்ல முடிந்ததில்லை. 2001-க்குப் பிறகு பொட்டலங்களில் பச்சைப் புள்ளி வந்தது. உதிரியாக விற்கும் கேக்குக்கும் பன்னுக்கும் இன்றும் நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

பேக்கரிப் பண்டம் எதுவானாலும் வீட்டிலேயே செய்வது என்று அன்று முடிவு செய்தேன். முதல் ரொட்டி செங்கல்லாக வந்தது. குளிர்காலம் ஆயிற்றே என்று ஈஸ்டை நன்றாகக் கொதித்த தண்ணீரில் கரைத்ததுதான் காரணம். குளிர் தூங்க வைக்கும், கொதி கொன்றுவிடும். 55, 60 டிகிரி சூட்டிலேயே ஈஸ்ட் செத்துப்போகும். குழந்தைக்குப் பால் ஆற்றும் பதம் என்று தாய்மார்களுக்குச் சொன்னால் போதும், வெப்பமானி வேண்டாம். அந்தத் தண்ணீர் அரை டம்ளரில் சிறிய தேக்கரண்டியால் சர்க்கரை இரண்டு, உலர் ஈஸ்ட் இரண்டு போட்டுக் கலக்கி மூடுங்கள். பத்து நிமிடத்தில் மேலே நுரை கட்ட வேண்டும். கட்டவில்லை என்றால் ஈஸ்ட் பழசு, அல்லது தண்ணீர் சூடு. அதைக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். அரைக் கிலோ மைதாவை வீணாக்குவதைவிட இது மேல்.

அத்தை அப்போது அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்ன, உயிருள்ளதா?" என்றார். "உயிர்தான், அத்தை. தயிரில் இருக்கிறதே, இட்லி மாவில் இருக்கிறதே, அது மாதிரி ஒரு நுண்ணுயிர். காளான் இனம்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தயிர் மாதிரின்னா சரி" என்றார். எனக்குக் கிடைத்த முதல் அனுமதி அதுதான்.

அரைக் கிலோ மைதா, ஒன்றரைச் சிறு தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். ஈஸ்ட் கரைசலையும் சேர்த்து மொத்தம் 300 மில்லி அளவு வெதுவெதுப்பான தண்ணீர். மைதாவுக்கு மைதா தண்ணீர் இழுப்பது மாறும். கடைசியில் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பார்த்துச் சேருங்கள். இனிப் பிசைய வேண்டும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடக் கூடாது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் இழுத்து மடித்து அழுத்த வேண்டும். இங்கே உளுந்தின் வழவழப்பு கிடையாது. கோதுமையின் புரதம் தண்ணீரில் ஊறிப் பிசையப்படும்போது ரப்பர் வலை போலாகிறது. வாயுவைப் பிடிப்பது அந்த வலைதான். சிறு உருண்டையை விரல்களால் மெல்ல இழுத்தால் கிழியாமல் கண்ணாடித்தாள் போல விரிய வேண்டும். ஆட்டா கலந்தால் தவிடு அந்த வலையை அறுக்கும். ஆகவே பாதிக்கு மேல் கலக்காதீர்கள்.

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடி வையுங்கள். மே மாதத்தில் முக்கால் மணியில் இரட்டிக்கும்; ஜனவரியில் இரண்டு மணி நேரம் கூட ஆகும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். பிறகு லேசாக அமுக்கி, 12 உருண்டைகள் செய்து, தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, மறுபடி அரை மணியோ முக்கால் மணியோ விடவேண்டும். மேலே முட்டைக்குப் பதில் பால் தடவினாலே நல்ல நிறம் வரும். 200 டிகிரியில் இருபது, இருபத்தைந்து நிமிடம். வெந்த பன்னைத் திருப்பி அடியில் தட்டினால் காலிப் பானைபோல் ஓசை வரவேண்டும்.

இப்போது பலர் வீட்டில் ஓ.டி.ஜி. இருக்கிறது. எங்களிடம் இருந்தது மூடியில் கம்பிச்சுருள் வைத்த அலுமினிய ரவுண்ட் அவன். சூட்டைக் காட்ட முள் கிடையாது. வெள்ளைத் தாள் துண்டு ஒன்றை உள்ளே வைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்ப்பேன். வெளிர் பழுப்பானால் நடுத்தரச் சூடு, கருகினால் அதிகம். இந்த ஊர்ப் பக்கம் இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. ஆட்டா, நெய், சர்க்கரை கொண்டுபோய்க் கொடுத்தால் தெருமுனை பேக்கரியில் பிஸ்கட் போட்டுத் தருவார்கள். பெரியவர்களுக்காகச் செய்வதானால் தட்டை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள தட்டில் முன்பு என்ன வெந்தது என்று நமக்குத் தெரியாது.

மூன்றாவது வழியில் உயிரே இல்லை, ரசாயனம்தான். சமையல் சோடா புளிப்போடு சேர்ந்தவுடன் வாயுவை விடுகிறது. புளிப்பு போதாமல் சோடா மிஞ்சினால் கேக்கில் சவர்க்கார வாடை அடிக்கும். பேக்கிங் பவுடரில் சோடாவும் உலர்ந்த அமிலமும் சேர்ந்தே இருக்கின்றன. ஈரமும் சூடும் பட்டதும் வேலை தொடங்கும். டப்பா பழசா என்று தெரிய ஒரு சிட்டிகையை வெந்நீரில் போடுங்கள். நுரைக்காவிட்டால் தூக்கி எறியுங்கள்.

முட்டையில்லா கேக்குக்குத் தயிரே புளிப்பு. ஒரே கோப்பையால் எல்லாவற்றையும் அளக்க வேண்டும். கெட்டித் தயிர் ஒன்று, சர்க்கரை முக்கால். கரையும்வரை கலக்கி அரைச் சிறு தேக்கரண்டி சோடா போட்டு ஐந்து நிமிடம் விட்டால் குமிழ் குமிழாக எழும்பும். வாசனையில்லாத எண்ணெய் அரைக் கோப்பை, வெனிலா எசென்ஸ் ஒரு தேக்கரண்டி. மைதா ஒன்றரைக் கோப்பையை ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடருடன் இரண்டு முறை சலித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ரொட்டிக்குச் சொன்னதற்கு நேர் எதிர் இங்கே: மாவு கலந்ததும் நிறுத்திவிட வேண்டும். அடித்துக்கொண்டே இருந்தால் அந்த ரப்பர் வலை உண்டாகிக் கேக் இழுவையாகிவிடும். வாயு அப்போதே போக ஆரம்பித்துவிடுவதால் மாவைக் காக்க வைக்கவும் கூடாது. அடுப்பு முன்பே சூடாகி இருக்கட்டும். 175 டிகிரியில் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். முதல் இருபத்தைந்து நிமிடம் திறந்து பார்க்காதீர்கள். நடுவில் குழி விழும்.

அவன் இல்லாதவர்கள் குக்கரில் செய்வதுண்டு. தண்ணீரில்லாமல் காயவைத்தால் சேப்டி வால்வு உருகிவிடும் என்பதால் நான் குக்கரை எடுப்பதில்லை. கனமான பழைய இரும்புச் சட்டியில் கழுவிக் காய்ந்த மணலை ஓர் அங்குலம் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, பொருத்தமான மூடியால் மூடிப் பத்து நிமிடம் காயவிட்டு, கேக் தட்டை இறக்கிச் சிறு தீயில் நாற்பது, ஐம்பது நிமிடம் வைத்தால் போதும். ஈர்க்குச்சியை நடுவில் குத்தினால் சுத்தமாக வரவேண்டும்.

பன்னுக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்ற கேள்விக்கு அத்தைதான் விடை சொன்னார்: சொதி. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை விருந்தில் போடுவது. தில்லிக் குளிர்காலத்துப் பட்டாணியும் சிவப்புக் காரட்டும் அதற்கென்றே விளைந்தவை போலிருக்கும். ஒரு தேங்காயை மூன்று முறை பால் எடுத்து, மூன்றாம் பாலில் காய்களையும் கீறிய பச்சை மிளகாயையும் வேகவிடுங்கள். வெந்த பாசிப்பருப்பும் இஞ்சிச் சாறும் இரண்டாம் பாலும் அடுத்து. முதல் பால் கடைசியில். அது கொதித்தால் திரிந்துவிடும். ஓரம் நுரைத்ததும் இறக்கி, சூடு சற்று அடங்கிய பின்பு எலுமிச்சை பிழியுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணிக்கு ஐந்து தட்டுகள் வைத்தேன். அத்தை பன்னைப் பிய்த்து உள்ளே பார்த்தார், முகர்ந்தார், சொதியில் தோய்த்துச் சாப்பிட்டார். "உப்பு அரைச் சிட்டிகை கூடுதல்" என்றார். பிறகு இன்னொன்று கேட்டார். கேக் வந்தபோது மகள் தானே ஊட்டப் போனாள். அத்தை ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். "தயிர் போட்டதுதான், அத்தை" என்றேன். வாயைத் திறந்தார்.

மிச்சமான பன்னை மறுநாள் இட்லிப் பானை ஆவியில் இரண்டு நிமிடம் வைத்தெடுத்தால் புதிதுபோல் மெத்தென்று ஆகிவிடும். பள்ளிக்கூட டப்பாவுக்கு உருளைக்கிழங்கு மசாலா வைத்துக் கொடுக்கலாம்.