கணக்குப் பாடம்: 800 ரூபாய் எங்கே போச்சு?

பத்தமடையில் பாய் நெய்யும் குழு ஒன்றின் கணக்கை எக்செல்லில் ஏற்றும்போது நாங்களே ஒரு தப்பு செய்தோம். அதையே இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஒரு பாய்க்கு நெசவுக் கூலி 400 ரூபாய். கோரை, நூல், சாயம் எல்லாம் சேர்த்து 250 ரூபாய். ஒரு அக்கா 3 பாய் கொடுத்திருந்தார். நாங்கள் =400+250*3 என்று அடித்தோம். 1150 என்று வந்தது. கம்ப்யூட்டர் சொன்னால் சரிதானே என்று அடுத்த வரிக்குப் போய்விட்டோம். அக்கா தன் சின்ன கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "1950 வரணுமே, 800 ரூபா எங்க போச்சு?" என்று கேட்டார்.

இரண்டு எந்திரமும் கெட்டுப்போகவில்லை. சாதாரணக் கடைக் கால்குலேட்டர் நாம் அழுத்துகிற வரிசையிலேயே கணக்குப் போடும். 400ம் 250ம் சேர்ந்து 650, அதை மூன்றால் பெருக்கினால் 1950. எக்செல் அப்படி இல்லை. பெருக்கல், வகுத்தலை முதலில் முடித்துவிட்டுத்தான் கூட்டல், கழித்தலுக்கு வரும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே விதிதான். அதனால் 250ஐ மட்டும் மூன்றால் பெருக்கி 750 ஆக்கி, ஒரே ஒரு பாயின் கூலியைச் சேர்த்துக்கொண்டது. மீதி இரண்டு பாயின் கூலி விட்டுப்போச்சு.

முதலில் செய்ய வேண்டியதை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும்: =(400+250)*3. இப்போது 1950 வரும்.

லாபம் பிரிக்கும்போதும் இதே கதைதான். வரவு 18000, செலவு 6000, உறுப்பினர் 12 பேர். =(18000-6000)/12 என்றால் ஆளுக்கு 1000. அடைப்புக்குறி இல்லாவிட்டால் 17500 என்று காட்டும். அதைப் பார்த்ததும் எல்லோரும் சிரித்துவிடுவோம், தப்பு உடனே தெரிந்துவிடும். 1150 மாதிரி நம்பும்படியாக வருகிற தப்புதான் ஆபத்து.

குறிகளைப் பற்றிக் கொஞ்சம். பெருக்கலுக்கு எக்ஸ் எழுத்து கூடாது, 8 இருக்கும் பொத்தானை ஷிப்ட்டோடு அழுத்தினால் வரும் நட்சத்திரம்தான். வகுத்தலுக்குச் சாய்ந்த கோடு. முதலில் சமக்குறி போட மறந்து 5/6 என்று அடித்தால் அதைத் தேதியாக மாற்றிவிடும்! கணக்குக்குள் 10,000 என்று கமாவும் வேண்டாம். 10000 ரூபாய் உள்கடனுக்கு மாதம் 2 சதவீத வட்டி என்றால் =10000*2/100, விடை 200.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் குழு நோட்டையும் கால்குலேட்டரையும் கொண்டு வாங்க. போன மாதக் கூலிக் கணக்கை இரண்டிலும் போட்டுப் பார்ப்போம்.